படக்கதை படித்தால் படித்த கணக்கா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகன் ஐந்தாம் வகுப்பு, ஆங்கில வழி. தினமும் வீட்டில் படித்ததைப் பக்க எண்ணிக்கையோடு ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்கிறார்கள். கிராஃபிக் நாவல், அதாவது படக்கதைப் புத்தகத்தின் பெயரை எழுதினால், "இது கணக்கில் வராது, புத்தகம் படி" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்புகிறார்கள். எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான். 200 பக்கத்தை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறான். இது படிப்பில் சேர்த்தியா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: சேர்த்திதான். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் கொஞ்சம் இடிக்கிறது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

புத்தகத்தில் ஏதாவது ஐந்து பக்கத்தைப் புரட்டி, பேச்சு வரும் பலூன்களிலும் படக் கட்டத்தின் மேலே வரும் குறிப்புகளிலும் உள்ள சொற்களை எண்ணுங்கள். பக்கத்துக்கு ஐந்து கட்டம், கட்டத்துக்குப் பத்துச் சொல் என்று வைத்துக்கொண்டால் 200 பக்கத்துக்கு 10,000 சொல். 45 நிமிடத்தில் முடிக்கிறான் என்றால் நிமிடத்துக்கு 220 சொல்லுக்கு மேல். பத்து வயதுக்கு அது நல்ல வேகம். அந்த வேகத்தில் படத்தைப் பார்க்க நேரமே மிஞ்சாது. ஆகவே ஒன்று, எழுத்தைப் படித்துப் படத்தைத் தாண்டுகிறான். அல்லது படத்தைப் பார்த்து எழுத்தைத் தாண்டுகிறான். எது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பக்கத்தின் பலூன்களைத் துண்டுத் தாளால் மறைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பிறகு அவனைப் பார்க்கவிடாமல் ஒரு பலூனை நீங்கள் வாசித்து, யார் சொன்னது, எந்த முகத்தோடு சொன்னது என்று கேளுங்கள். எதில் தடுமாறுகிறானோ அதைத்தான் தாண்டுகிறான்.

இதே கணக்கு பள்ளிக்கும் பொருந்தும். எழுத்து மட்டும் உள்ள சிறுவர் நாவலில் பக்கத்துக்கு 200 சொல் இருந்தால், அந்த 10,000 சொல் 50 பக்கத்தில் அடங்கிவிடும். பக்கத்தை எண்ணினால் படக்கதைப் பையன் அநியாயமாக முந்துவான். ஆசிரியரின் கோபத்தில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. அதற்காகப் புத்தகத்தையே தள்ளுவது சரியில்லை. நோட்டில் பக்கத்துக்குப் பதில் நிமிடத்தை எழுத அனுமதி கேளுங்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லலாம்: அமெரிக்காவில் குழந்தை இலக்கியத்துக்கு 1922 முதல் கொடுத்துவரும் நியூபெரி பதக்கம், 2020-இல் ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' என்ற கிராஃபிக் நாவலுக்குப் போனது.

படக்கதை படிக்கும்போது உண்மையான உழைப்பு நடக்கும் இடம், இரண்டு கட்டத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளைக் கோடு. ஆங்கிலத்தில் அதற்குக் 'கட்டர்' (gutter) என்று பெயர். சாக்கடைக்கும் அதே சொல்தான் என்பது வேறு கதை. முதல் கட்டத்தில் பாட்டி அடுப்பில் பால் வைக்கிறாள். இரண்டாவதில் வாசலில் கீரைக்காரியோடு பேரம். மூன்றாவதில் மூக்கைச் சுளிக்கிறாள். பால் பொங்கித் தீய்ந்தது என்று எங்கும் எழுதவில்லை. குழந்தைதான் சொல்லிக்கொள்ள வேண்டும். வேகமாகப் புரட்டும் பிள்ளை தவறவிடுவது இதைத்தான். "இதுக்கும் அதுக்கும் நடுவுல என்ன ஆச்சு?" என்று பக்கத்துக்கு ஒரு தடவை கேட்டால் போதும். எல்லாக் கட்டத்துக்கும் கேட்டால் அது பரீட்சையாகிவிடும், புத்தகத்தை மூடிவிடுவான்.

படக்கதை தராத ஒன்றும் உண்டு: நீளமான வாக்கியம். ஒரு மனிதனின் தயக்கத்தை நான்கு வரிக்கு இழுத்துச் சொல்லும் வாக்கியத்துக்குள் வழி தப்பாமல் போய்த் திரும்பும் பழக்கம் பலூனில் வராது. அதற்காக இரவில் பத்து நிமிடம், எழுத்துப் புத்தகம் ஒன்றை நீங்கள் சத்தமாக வாசியுங்கள். "நாவலை முடி, காமிக்ஸ் தர்றேன்" என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். நாவல் கஷாயமாகவும் காமிக்ஸ் கஷாயத்துக்குப் பின் வாயில் போடும் வெல்லமாகவும் ஆகிவிடும். அந்த ருசியை அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

கேள்வி: எங்கள் காலத்தில் காமிக்ஸ் படித்தால் முதுகில் விழும். இப்போது அதையே கெட்டி அட்டை போட்டு கிராஃபிக் நாவல் என்கிறார்கள். விலையைத் தவிர என்ன வித்தியாசம்?
– ஒரு தாத்தா, மயிலாப்பூர்

பதில்: பாதி உண்மை. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்களுக்கு வடிவம் புதிதல்ல. 'கிராஃபிக் நாவல்' என்பது, 1978-இல் அமெரிக்கப் படக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர் தன் புத்தக அட்டையில் போட்டுக்கொண்ட பிறகு பரவலான பெயர். பொதுவாக ஒரே புத்தகத்தில் முடியும் நீண்ட கதைக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள். பதிப்பாளர்கள் வியாபாரத்துக்காகத் தொடர் காமிக்ஸ் தொகுப்புக்கும் வைப்பதுண்டு. பேரனுக்கு வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் உள்ளே நாலு பக்கம் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். தமிழ் காமிக்ஸ் கொடுத்தால் பழகுவாள் என்று வாங்கினோம்; இரண்டு பக்கத்தில் வைத்துவிட்டாள்.
– தாம்பரம் வாசகர்

பதில்: குறை அவளிடம் இல்லாமல் இருக்கலாம். தமிழ்ச் சொல் நீளமானது, பலூன் குறுகலானது. 'கண்டுபிடித்துவிட்டார்களா' என்பதை மூன்று வரியாக உடைத்து அச்சிட்டிருப்பார்கள், உடைந்த இடத்தில் கோடுகூட இருக்காது. எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு அது மூன்று தனிச் சொல்லாகத் தெரியும். இன்னொரு சிக்கல் பேச்சுத் தமிழ். பேசுகிறாளே, சுலபமாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் பள்ளியில் அவள் கண் பழகியது 'வந்துவிட்டேன்'. 'வந்துட்டேன்' என்ற எழுத்துருவத்தை அவள் பார்த்ததே இல்லை. சத்தமாக வாசித்தால் காது பிடித்துக்கொள்ளும், மனதுக்குள் படித்தால் பிடிபடாது. அதனால் முதல் ஒரு மாதம் சத்தமாகவே படிக்கட்டும்.

ஆளுக்கொரு பாத்திரம் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் மேலே வரும் குறிப்புகளும் நீளமான பேச்சும் உங்களுக்கு. குறைவாகப் பேசும் பாத்திரமும் 'டமால்', 'சர்ர்ர்' எல்லாமும் அவளுக்கு. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், பதினைந்து நிமிடம். மறுநாள் அதே இரண்டு பக்கத்தில் பாத்திரத்தை மாற்றிக்கொண்டு ஒரு முறை, பிறகு புதிய பக்கம். தடுக்கும் சொல்லை உடனே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அங்கே இலக்கணம் வேண்டாம்.

வாங்கும் முன் எழுத்தின் அளவைப் பாருங்கள். புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்து உங்களாலேயே வாசிக்க முடியவில்லை என்றால் அவளுக்கு வேண்டாம். சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து வெளியீடுகளில் பல, பெரியவர்களும் படிக்கும் ஐரோப்பியக் கதைகளின் மொழிபெயர்ப்பு. டெக்ஸ் வில்லரின் துப்பாக்கிச் சண்டை எட்டு வயதுக்குச் சீக்கிரம். நகைச்சுவைக் கௌபாய் கதையான லக்கி லூக்கின் கிண்டலில் தொடங்கலாம். ஜனவரிப் புத்தகக் காட்சிவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து எதை அவளாக எடுக்கிறாள் என்று பாருங்கள்.

கேள்வி: ஜப்பானிய மங்கா காமிக்ஸைப் பின்னாலிருந்து படிக்கிறான். கண்ணுக்குக் கெடுதலா?
– அண்ணா நகர் வாசகி

பதில்: இல்லை. மங்கா வலமிருந்து இடம் போகும். மொழிபெயர்ப்பிலும் பெரும்பாலும் படங்களைத் திருப்பாமல் அப்படியே விடுகிறார்கள். கட்டங்களும் மேல் வலது மூலையிலிருந்தே. இரண்டு நாளில் பழகிவிடும்.

கேள்வி: பள்ளி நூலகத்தில் கிராஃபிக் நாவல்தான் முதலில் கிழிகிறது. எந்த அடுக்கில் வைப்பது என்பதிலும் குழப்பம்.
– நூலகர், வேளச்சேரி

பதில்: நூலகப் பகுப்பான டூயி எண்ணில் படக்கதைக்கு 741.5. எல்லாவற்றையும் அங்கேயே போட்டால், அறிவியல், வரலாறு, சூப்பர் ஹீரோ, பெரியவர்களுக்கான கதை எல்லாம் ஒரே தட்டில் வந்து நிற்கும். அதுதான் ஆபத்து. எலியும் பூனையும் அட்டையில் இருக்கிறதே என்று ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' நூலைத் தொடக்கப் பள்ளித் தட்டில் வைத்துவிடக் கூடாது. அது யூதப் படுகொலையின் கதை, 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. 5-ஆம் வகுப்பு வரை, 6 முதல் 8, அதற்கு மேல் என்று மூன்று நிற ஸ்டிக்கர் ஒட்டி, முழுவதும் படித்த ஒரு பெரியவர் சொன்ன பிறகே நிறம் கொடுங்கள். அறிவியல், வரலாற்றுப் படக்கதைகளை அந்தந்தப் பாடத் தட்டுக்கே அனுப்பிவிடலாம்.

கிழிவதற்குக் காரணம் பெரும்பாலும் முதுகில் பசை மட்டும் போட்ட பைண்டிங். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பரவிய படத்தைப் பார்க்கப் பிள்ளைகள் புத்தகத்தை விரித்து அழுத்துவார்கள், பசை விரிசல் விடும். நூல் தைத்த பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், புதுப் புத்தகத்தின் முதுகை மேசையில் நிறுத்தி, முன்னிருந்து பத்துப் பக்கம், பின்னிருந்து பத்துப் பக்கம் என்று மாறி மாறி மெல்ல அழுத்திக்கொண்டே நடுப்பக்கம் வரை வந்து பழக்கிவிட்டுப் பிறகு கொடுங்கள்.

மழைநீர் தேங்கும் உங்கள் பகுதியில் இன்னொன்று: மழைக்காலத்தில் அடித்தட்டைக் காலியாக வையுங்கள். வண்ணப் படக்கதைகள் பல வழுவழுப்பான பூச்சுத் தாளில் வருகின்றன. நனைந்து காய்ந்தால் அந்தப் பூச்சே பசையாகிப் பக்கங்கள் செங்கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரித்தால் படம் உரிந்து வரும். எனவே ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இடையில் பட்டர் பேப்பர் செருகி, மின்விசிறிக் காற்றில் நிறுத்திவையுங்கள். செருகிய தாள் நனைந்தால் மாற்றுங்கள். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், அட்டை வளைந்துவிடும்.