நுண்ணுயிருக்குக் காப்புரிமை: மாதிரியை எங்கே ஒப்படைப்பது?

கேள்வி: பிச்சாவரம் சதுப்பு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவைக் கொண்டு உயிர் உரம் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை கோர விரும்புகிறேன். அதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே பாதுகாத்தால் போதாதா? வெளிநாட்டில் விண்ணப்பித்தால் அங்கும் மாதிரி அனுப்ப வேண்டுமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: போதாது. எழுத்தில் முழுமையாக விவரிக்க இயலாத, பிறருக்கு எளிதில் கிடைக்காத நுண்ணுயிரை, இந்தியாவில் விண்ணப்பிக்கும் நாளுக்குள், 1977ஆம் ஆண்டு புடாபெஸ்ட் உடன்படிக்கையின்கீழ் ஏற்கப்பட்ட வைப்பகம் ஒன்றில் ஒப்படைத்திருக்க வேண்டும். இந்தியா அதில் 2001 டிசம்பரில் சேர்ந்தது. சண்டிகரிலும் புனேயிலும் இத்தகைய வைப்பகங்கள் உள்ளன. அங்கே உயிர்ப்புச் சோதனை செய்து, வைப்பு எண்ணுடன் ரசீது தருவார்கள். அந்த எண்ணையும் தேதியையும் விண்ணப்பத்தோடு தரும் விவரக்குறிப்பில் குறிப்பிடுவது கட்டாயம். ஓரிடத்தில் ஒப்படைத்ததை உறுப்பு நாடுகள் அனைத்தும் ஏற்கும் என்பதால், அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ தனியாக அனுப்ப வேண்டியதில்லை.

மாதிரியை வைப்பகம் குறைந்தது 30 ஆண்டுகள் காக்கும். அந்தக் காலம் முடிந்தாலும், கடைசியாக எவரேனும் மாதிரி கேட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளாவது வைத்திருக்கும். புயலடித்தால் கடலூரில் எத்தனை நாள் மின்சாரம் இராது என்பதை அறிந்த நீங்கள், கல்லூரிக் குளிர்பெட்டியை நம்பக் கூடாது.

ஒப்படைத்ததாலேயே உரிமை கிடைத்துவிடாது. இயற்கையில் உள்ளதைக் கண்டெடுத்தது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவு. ஆகவே தயாரிப்பு முறையையே முன்னிறுத்துங்கள். உரிமை வழங்கப்படும் முன், சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்வதும் அவசியம்.