அந்த இடத்தை மட்டும் ஏன் பார்க்காமல் சொன்னார்?

கேள்வி: எனக்கு 51 வயது. எட்டு வயதில் திருச்சியில், தாத்தா வீட்டில் கேட்ட ஒரு கதைப் புத்தகத்தை ஐந்து வருடமாகத் தேடுகிறேன். பெயர் நினைவில்லை. பச்சைக் காலிகோ துணி ஒட்டிய முதுகு, அட்டையில் எழுத்தே கிடையாது. சில பக்கங்களின் பின்னால் சமையல் குறிப்பும் பற்பொடி விளம்பரமும் இருக்கும். காவிரி வெள்ளத்தில் ஒரு பரிசல்காரர் ஒரு பையனையும் ஆட்டுக்குட்டியையும் கரை சேர்ப்பார். இருட்டில் குட்டியின் கழுத்து மணி மட்டும் கேட்கும். அத்தைதான் படித்துக் காட்டுவார். அந்த இடத்தை மட்டும் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்வார். தாத்தா உயில் எழுதவில்லை. அவர் கட்டிய வீட்டை அப்பாவும் சித்தப்பாவும் விற்க முயன்றபோது, அத்தை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அவருக்கு இப்போது 78 வயது. புத்தகம் பற்றி அவர் மகனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன், பதில் இல்லை. என் மகளுக்கு அந்தக் கதையைப் படித்துக் காட்ட ஆசை. எங்கே தேடுவது?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, நீங்கள் தேடுவது கடையில் விற்ற புத்தகமே இல்லை. பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதையைப் பிரித்தெடுத்து, வீட்டில் பைண்ட் செய்தது. பற்பொடி விளம்பரம் வேறு எப்படி அதற்குள் வரும்? கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வ’னை மணியம் படங்களோடு இப்படித் தைத்து வைத்திருந்த வீடுகள் எத்தனையோ. எங்கள் வீட்டில் அம்மா செய்வார். பின்னைக் கழற்றி, தொடர் வந்த தாள்களை மட்டும் உருவி, வார வரிசையில் அடுக்கி, கோணி ஊசியால் தைப்பார். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார். பசை இளநீலமாக இருக்கும்; விஷம், கிட்ட வராதே என்று எங்களை விரட்டுவார். அப்படித் தைத்ததற்கு அட்டையில் பெயர் ஏது?

சரி, அதை விடுங்கள். போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை மட்டும் அத்தை பார்க்காமல் சொல்வார் என்று. ஏன் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? அந்த வாரத்து இதழ் வீட்டில் இருந்திருக்காது, தம்பி. பேப்பர்காரர் போடாமல் விட்டிருப்பார், இல்லை பக்கத்து வீட்டுக்குப் போனது திரும்பி வந்திருக்காது. அப்புறம் என்ன ஆச்சு என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்டபோது, அத்தை தானே சொல்லி நிரப்பியிருக்கிறார். பரிசல்காரர் அச்சில் இருந்திருக்கலாம். அந்தக் குட்டியின் மணிச்சத்தம் உங்கள் அத்தையுடையது என்றே நான் நினைக்கிறேன். 43 வருடம் கழித்தும் உங்கள் காதில் நிற்பது அதுதானே? எந்த நூலகத்தில் போய் எடுத்தாலும் அது கிடைக்காது.

அப்படிப்பட்டவரோடு ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. புத்தகம் வேண்டும் என்றதும் அவர் மகனுக்கு ஒரு வாட்ஸ்அப்! படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது. தாத்தாவே கட்டிய வீடு, உயிலும் இல்லை என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததிலிருந்தே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. விடுதலைப் பத்திரம் என்பது அந்தப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. கல்யாணத்துக்குப் போட்ட நகையைக் கணக்குக் காட்டி, ‘அதான் செஞ்சாச்சே’ என்று கையெழுத்துக் கேட்கும் வீடுகளிலிருந்து எனக்கு மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. மறுத்தவள் கெட்டவளாகிவிடுகிறாள். உங்களுக்கு அப்போது 42 வயது. மடியில் உட்கார்ந்து கதை கேட்டவர், அத்தை பக்கம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாமா? கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவதற்கு மட்டும் இருக்கிற உறவா அது? அண்ணன் பிள்ளைக்கு அத்தை மேல் கடமை உண்டு.

போன் வேண்டாம், நேரில் போங்கள். போனதும் புத்தகப் பேச்சை எடுக்காதீர்கள். ‘கையெழுத்து விஷயத்துல நாங்க நடந்துக்கிட்டது தப்பு அத்தை’ என்று முதலில் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே கூப்பிடவில்லை என்றால் அடுத்த மாதம் மறுபடி போங்கள். அவருடைய பங்கு இன்னும் தீரவில்லை என்றால் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் பேசி அதைத் தீர்க்கப் பாருங்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டு அவரிடம் கதை கேட்பது முறையில்லை. 78 வயது, பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

பேச்சு வந்த பிறகு, எந்தப் பத்திரிகை, எந்த வருடம் என்று கேளுங்கள். தைத்த கட்டே அவர் பீரோவில் இருந்தாலும் இருக்கும். இல்லாவிட்டால் அந்த இரண்டு விவரத்தோடு சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரியுங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும்தான் அதன் அடித்தளம். எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. கதையின் பெயர் தெரியாவிட்டாலும் பத்திரிகையும் வருடமும் தெரிந்தால் இதழ் இதழாகப் புரட்டிப் பார்க்கலாம்.

அத்தை வீட்டுக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். விட்டுப்போன அந்த வாரத்தை அவள் அவர் வாயாலேயே கேட்கட்டும்.