லண்டன் வந்திருக்கும் பெற்றோரோடு சுலபமாக நடக்க, கிராமமும் காடுமாக ஒரு இடம் சொல்ல முடியுமா? (அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66, முழங்கால் வலி உண்டு)

‘சுலபமாக’ என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சொல்லை நம்பி என் அம்மாவை நான் படுத்திய பாடு எனக்கும் தெரியும், அவர் முழங்காலுக்கும் தெரியும்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆல்ட்பரி. ஹார்ட்ஃபர்ட்ஷயரில் சில்டர்ன்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிற சின்னக் கிராமம். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ட்ரிங் ஸ்டேஷன். அங்கிருந்து கிராமம் சுமார் ஒரு மைல். ஊர் நடுவே குளம், பக்கத்தில் பழைய தொழுமரம், குற்றவாளியைக் கட்டி வைத்துச் சாட்டையால் அடித்த கம்பம், ஒரு பப், கல் தேவாலயம். ஊருக்குப் பின்னால் சரிவு. சரிவின் மேல் ஆஷ்ரிட்ஜ் காடு, நேஷனல் ட்ரஸ்ட் (பழைய இடங்களையும் இயற்கையையும் காக்கிற தொண்டு அமைப்பு) பராமரிப்பில் சுமார் 5,000 ஏக்கர். வடக்கே மலையும் ஏரியுமாக இருக்கிற ஏரி மாவட்டத்தை (லேக் டிஸ்ட்ரிக்ட்) சொல்லவில்லையே என்று யாராவது வருவார்கள். வரட்டும். 66 வயதுக்காரரை ஐந்து மணி நேரம் காரில் உட்கார வைத்துவிட்டு ‘இறங்கி நடங்க’ என்று சொல்கிற துணிச்சல் எனக்கில்லை.

2024 ஏப்ரல் கடைசி ஞாயிறு. அம்மா மன்னார்குடியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வசந்தத்தில் காட்டுத் தரையெல்லாம் நீலமாகப் பூக்கிற ப்ளூபெல் பூவைக் காட்டுகிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். கையில் ஒரு நடைக் குறிப்பு. அதில் ‘சுலபம், 4 மைல்’ என்று போட்டிருந்தது. 4 மைல்தானே, அம்மா ஊரில் தினமும் கோயில் குளத்தை மூன்று சுற்று சுற்றுகிறவர் என்று கணக்குப் போட்டேன். வெள்ளைக்காரர்கள் ‘சுலபம்’ என்றால் கயிறு கட்டி ஏறத் தேவையில்லை, அவ்வளவுதான் பொருள். சேறு, ஏற்றம், வேலி, கழிப்பறை இதெல்லாம் அவர்கள் கணக்கிலேயே வராது.

அம்மா சேலையில்தான் வந்தார். காலில் நான் வாங்கிக் கொடுத்த ஷூ. (சேலையில் கூட்டிப்போனது தப்பு என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: என் மனைவி ஒரு பேன்ட் எடுத்து நீட்டிப் பார்த்தாள். “ஏம்மா, இத்தனை வருஷம் வயல்ல எதைக் கட்டிக்கிட்டு நின்னேன்?” என்றார். அதோடு முடிந்தது.)

குளக்கரை வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. தொழுமரத்தைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். திருடினவன், குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணினவன் காலை இதில் மாட்டி நாள் முழுக்க ஊர் பார்க்க உட்கார வைப்பார்கள் என்றேன். எதிரே இருந்த பப்பைப் பார்த்தார். “கடையும் பக்கத்துலயே வச்சிருக்கான்” என்றார்.

அப்புறம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். இங்கே பாதைகளுக்கு அம்புக்குறி உண்டு. மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். நீலப் பாதை அகலமாக இருந்தது. அகலம் என்றால் வசதி என்று நினைத்து அதில் ஏற்றினேன். குதிரை போகிற பாதை என்றால் குளம்பு மிதித்துக் குழப்பிய பாதை என்று அன்றைக்கு என் மண்டைக்கு எட்டவில்லை. சில்டர்ன்ஸில் அடியில் சுண்ணாம்புப் பாறை, மேட்டின் மேல் களிமண், அதற்குள் சிக்கிமுக்கிக் கல். அந்த வருடம் வசந்தம் முழுக்க மழை. ஷூவின் அடியில் ஒரு கிலோ மண் ஒட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்ச தூரத்தில் அம்மா நின்றார். ஒரு பீச் (beech) மரத்தைப் பிடித்துக்கொண்டு ஷூவையும் சாக்ஸையும் கழற்றி என் கையில் கொடுத்தார். சேலையை நடவுக்குச் செருகுகிற மாதிரி இடுப்பில் தூக்கிச் செருகினார். “கட்டை விரலை ஊனணும்டா. இந்த ஷூவுக்கு விரலு ஏது?” என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

எதிரே ஆறேழு பேர், கையில் ஊன்றுகோல், காலில் விலை உயர்ந்த பூட்ஸ், புன்னகையோடு ‘மார்னிங்’ சொல்லிக்கொண்டே இறங்கி வந்தார்கள். நான் அம்மாவை மறைக்கிற மாதிரி நகர்ந்து நின்றேன். இதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நின்றேன். அம்மா கவனித்தாரா தெரியாது. என் மகள் கவனித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, “நீ ஏம்ப்பா ஆச்சிய மறைச்சே?” என்று கேட்டாள்.

வெறுங்கால் நடை ஐம்பது அடிகூடப் போகவில்லை. களிமண்ணுக்குள் இருந்த சிக்கிமுக்கிக் கல் குத்திவிட்டது. மறுபடி ஷூ. குனிந்து அந்தக் கல்லை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். இதை வைத்துத்தான் அந்தத் தேவாலயமே கட்டியிருக்கிறார்கள் என்றேன். கல் பைக்குள் போனது. (நேஷனல் ட்ரஸ்டில் தமிழ் படிப்பவர் யாரும் இல்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.)

கிராமத்திலிருந்து மேலே இருக்கிற நினைவுத் தூண் வரை எவ்வளவு ஏற்றம் என்று வீட்டுக்கு வந்தபிறகு ஆர்டனன்ஸ் சர்வே என்கிற அரசு நில அளவை அமைப்பின் வரைபடத்தில் பார்த்தேன். எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 181ஆம் எண் வரைபடம். அதில் 5 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. பதினைந்து கோடுகளை ஒட்டி வந்தது. லிஃப்ட் இல்லாமல் இருபத்தைந்து மாடி. இதைப் போவதற்கு முந்தின நாள் எண்ணியிருக்க வேண்டும். நீங்கள் எண்ணுங்கள். கோடுகள் நெருக்கமாக இருக்கிற இடத்தில் அப்பா அம்மாவை ஏற்றாதீர்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் அந்தத் தூண். 1832இல் எழுப்பியது, 108 அடி. திறந்திருக்கிற நாளில் உள்ளே 172 படி ஏறலாம். பிரிட்ஜ்வாட்டர் பிரபு என்பவருக்கு நினைவுச் சின்னம். அவர் தன் சுரங்க நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோகக் கால்வாய் வெட்டியவர், 1761இல் அதில் படகு ஓடியது. அம்மா டெல்டாக்காரர். “வாய்க்கால் வெட்டுனவருக்கா இவ்ளோ பெரிய தூணு?” என்று அண்ணாந்து பார்த்தார். பிறகு, “அப்ப கல்லணை கட்டுனவருக்கு எவ்ளோ உசரம் வைக்கணும்?” பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

அங்கே புல்லில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும்போது தலைக்கு மேல் ஒரு பருந்து வட்டமிட்டது. செந்நிறம், வால் நடுவே பிளந்திருக்கும். அம்மா கையை அலம்பிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கருடன். அது நம்ம கருடன் இல்லைம்மா, இங்கிலாந்தில் இந்த இனமே ஒழிந்து போயிருந்தது, 1989இலிருந்து 1994 வரைக்கும் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள் என்றேன். “அதுவும் விசா வாங்கிட்டு வந்ததுதானா?” என்றார்.

அன்றைக்கு ப்ளூபெல் பார்க்கவில்லை. அதிகம் பூக்கிற டாக்கி வுட் அங்கிருந்து இன்னும் தூரம். இறங்கும்போதுதான் முழங்கால் போனது. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் மூட்டு பேசும். நான் மூட்டு டாக்டர் இல்லை, ஒரு மகனாகப் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு நாள் தைலம்.

இதில் இன்னொரு கொடுமை. தூணடியில் அம்மாவை எடுத்த படத்தை எங்கள் பகுதித் தமிழர் குழுவில் போட்டுவிட்டேன். “இந்த வயசுல அம்மாவ ஏன் சார் வதைக்கிறீங்க?” என்று ஒருவர். அவர் தன் அம்மாவை நான்கு மாதம் வீட்டிலேயே வைத்து டிவி காட்டி அனுப்பியவர். முந்தின வருடம் இதே குழுவில் எல்லோரும் சேர்ந்து ஒரு ஞாயிறு நடக்கப் போகலாம் என்று கேட்டேன். 27 பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பிறகு பேச்சு ஆரம்பித்தது. நடந்தால் பசிக்கும், அதனால் பிரியாணி. பிரியாணி என்றால் அடுப்பு. அடுப்பு என்றால் காட்டில் விடமாட்டார்கள், அதனால் பார்க். பார்க் என்றால் நடக்க வேண்டாமே. கடைசியில் ஒரு கார் பார்க்கிங் ஓரமாக நின்று பிரியாணி சாப்பிட்டோம், தலைக்கு 12 பவுண்டு. அன்றைக்கு நடந்தது நான் ஒருவன்தான், அதுவும் குப்பை போட. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் இதை எங்காவது சொல்லியாக வேண்டும்.

சரி. அடுத்த வாரம், மே முதல் திங்கள், இங்கே பொது விடுமுறை, மறுபடி போனோம். இந்தத் தடவை காரில் நேராக மேலே. நீங்களும் இப்படிப் போங்கள். தூணுக்கு அருகிலேயே விசிட்டர் சென்டர், கஃபே, கார் நிறுத்த இடம். சரிவு ஏறி முடித்துவிட்டால் ஆஷ்ரிட்ஜ் காடு பெரும்பாலும் தட்டைதான், கெட்டிப்படுத்திய பாதைகளும் உண்டு. அங்கே அரை மணி நடந்துவிட்டு, டாக்கி வுட்டுக்குக் காரிலேயே போனோம். பூக்காலத்தில் வார இறுதிகளில் சின்னக் கட்டணம் வாங்குகிறார்கள். கொடுத்துவிடுங்கள், வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடுங்கள்.

பீச் மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. இலை அடர்ந்து நிழல் விழுவதற்குள் பூத்து முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் அந்தப் பூவுக்கு. அதனால்தான் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரங்கள். கண்ணுக்கு எட்டிய வரை தரை நீலம். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “ஒரு கிழங்கு தோண்டிக்கலாமாடா?” என்றார். 1981ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்றேன். பாதையை விட்டு இறங்கி மிதித்தாலே இலை நசுங்கி, அந்த இடம் தேற வருடக்கணக்கில் ஆகும். படம் எடுக்கிறேன் என்று அதற்குள் உட்காருகிற நம் ஆட்களை அன்றைக்கும் பார்த்தேன். நம் ஆட்கள் மட்டுமில்லை, நியாயமாகச் சொன்னால் எல்லா ஆட்களும்தான்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு வேறு சில: மஞ்சளோ நீலமோ, வேலியைத் தாண்ட மரப்படி இருக்கிற பாதை வேண்டாம், சேலையில் அது சர்க்கஸ். நாய்களை அவிழ்த்து விட்டிருப்பார்கள், ஓடிவந்து முகரும், ‘ஒன்றும் செய்யாது’ என்று உரிமையாளர் தூரத்திலிருந்து கத்துவார். அம்மா பயப்படுவார் என்றால் நீங்கள் முன்னால் நடங்கள். மான் திரிகிற காடு, அதனால் உண்ணி உண்டு. வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்பக்கம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

கழிப்பறை விசிட்டர் சென்டரில் இருக்கிறது, காட்டுக்குள் எங்கும் கிடையாது. இதை நான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.