உங்கள் கணக்கில் எத்தனை படம்?

கேள்வி: ஹாலிவுட்டின் ஹாரி டீன் ஸ்டான்டனைப் பெரிய நடிகர் என்று சென்ற இதழில் எழுதியிருக்கிறீர்கள். அறுபது ஆண்டு நடித்தும் கதாநாயகனாக வந்தது ஓரிரு படங்களில்தானே? - ஒரு வாசகர், கும்பகோணம்.

பதில்: நடிப்பைத் தாலுகா ஆபீஸ் உத்தியோகம் என்று நினைத்துவிட்டீர்கள். எழுத்தராகச் சேர்ந்தவர் தாசில்தார் ஆகாமலே ஓய்வு பெற்றால் பரிதாபப்படலாம். துணை நடிகருக்கு எதற்கு அந்தப் பரிதாபம்?

'ஏலியன்' (1979) பார்த்தீர்களா? விண்கலத்தில் பழுது பார்க்கும் ஆள் அவர். யார் எதைச் சொன்னாலும் 'சரி' என்பார், வசனத்தில் பாதி அதுதான். காணாமல் போன பூனையைத் தேடிப் போகிறவர், மேலிருந்து தண்ணீர் சொட்டும் ஓர் இடத்தில் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தை அண்ணாந்து காட்டுகிறார். உழைத்து அலுத்தவனுக்குக் கிடைத்த சின்னச் சுகம். அடுத்த நிமிடம், கலத்துக்குள் புகுந்த வேற்றுக்கிரக மிருகம் வந்துவிடுகிறது. மிருகத்தை மறந்துவிட்டேன், அந்தத் தண்ணீரை மறக்க முடியவில்லை.

1926-இல் கென்டக்கியில் பிறந்தவர். தொலைக்காட்சியின் கௌபாய் தொடர்களில் சுடப்பட்டுச் சாவதே பல வருடம் பிழைப்பு. பிரான்ஸின் கேன் திரைப்பட விழாவில் 1984-இல் தங்கப்பனை என்ற உச்சப் பரிசை வென்ற 'பாரிஸ், டெக்சாஸ்' படத்தில் நாயகனாக வந்தபோது வயது 57. அதிலும் முதல் இருபது நிமிடத்துக்கு மேல் வாயே திறக்கமாட்டார்! பிறகு மறுபடியும் சின்ன வேடங்களுக்கே திரும்பினார். அவருக்கு அதில் குறை ஒன்றும் இருந்ததாகத் திரையில் தெரியவில்லை, குறை உங்களுக்குத்தான்.

இவரோ, இன்னொரு துணை நடிகரான எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருந்தால் எந்தப் படமும் முழு மோசமாகிவிடாது என்று விமர்சகர் ராஜர் ஈபர்ட் ஒரு விதியே வகுத்தார். விதி பொய்த்த படங்களும் உண்டு என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். இருக்கட்டும். கதாநாயகர்களை நம்பி இப்படி ஒரு விதி வகுக்க யாருக்காவது தைரியம் வருமா?

கடைசிக் காலத்தில் 'லக்கி' என்றொரு படம். 'ஏலியன்' கப்பலின் கேப்டனாக வந்த டாம் ஸ்கெரிட், முன்னாள் ராணுவ வீரராக வந்து போர்க்கால நினைவைச் சொல்கிறார். ஸ்டான்டன் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் காட்சி. இரண்டாம் உலகப் போரில், ஜப்பானின் ஒகினாவா தீவுக்காக நடந்த சண்டையின்போது கடற்படைக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர் ஸ்டான்டன். அந்த முகத்துக்கு ஒப்பனை எதுவும் தேவைப்படவில்லை. 2017 செப்டம்பரில், 91 வயதில் இறந்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. அதில் கதாநாயகன் அவர்தான். உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.