பழைய காரின் அடிப்பக்க போல்ட்கள் கறள் பிடித்தால் ஏன் அசையவே மாட்டேன் என்கின்றன?

சப்ஃபிரேம் (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் அடிச்சட்டம்), சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் இரும்புக் கை) மாதிரி பாரம் தாங்கும் பாகங்களைப் பிடித்திருக்கும் போல்ட்களைத்தான் சொல்கிறேன். பம்பர் போல்ட் உடைந்தால் பம்பர் ஆடும், இது உடைந்தால் சக்கரமே இடம் மாறும்.

இரும்பு கறளாகும்போது முன்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். போல்ட், நட் மரைகளுக்கு நடுவே இருக்கும் நூலளவு இடைவெளியில் அது பொங்கி அடைத்துக்கொள்கிறது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் மழை விட்டால் பனிமூட்டம், காரின் அடிப்பக்கம் காய்வதற்கு நேரமே கிடையாது. சீனி உறைந்த ஜாம் போத்தல் மூடியை யோசித்துப் பாருங்கள், பலமாகத் திருகினால் கைதான் நோகும், ஆனால் மூடியில் சுடுதண்ணீர் பட்டால் அது கொஞ்சம் விரிந்து விட்டுக்கொடுக்கும்.

இங்கேயும் அதே கதைதான். கம்பி பிரஷால் தேய்த்து, கறள் இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு இரவு விடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு துளி அசைத்துப் பாருங்கள். 'டக்' என்று ஒரு சத்தம், கூடவே சிவப்புத் தூள் உதிரும். அப்புறம் கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி எண்ணெய். அவசரப்பட்டு ஸ்பானரில் நீளக் குழாய் மாட்டி இழுத்தால் போல்ட் தலை மட்டும் கையோடு வரும் (எனக்கு வந்திருக்கிறது). நெருப்புக் காட்டுவதை கராஜ் பாஸிடம் விடுங்கள், பக்கத்திலேயே ரப்பர் புஷ்ஷும் பெட்ரோல் குழாயும் இருக்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கவே வேண்டாம்.

ஹாட்வெயாரில் அதே சைஸ் போல்ட் வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் தலையில் இருக்கும் 8.8, 10.9 என்ற எண் சைஸ் இல்லை, பலம், பழையதில் 10.9 இருந்தால் புதியதிலும் 10.9தான் வேண்டும்.