கூடப்பிறந்த பூனைகள் ஜோடி சேர்ந்தால்?

கேள்வி: ஒரே ஈத்தில் பிறந்த ஆண் குட்டியையும் பெண் குட்டியையும் சேர்த்தே வளர்க்கிறோம். 7 மாதம்தான் ஆகிறது, அதற்குள் பெட்டை சினையாகிவிட்டது. வெளியே விட்டதே இல்லை, அதனால் அப்பன் யார் என்பதில் சந்தேகமில்லை. குட்டிகள் ஊனமாகப் பிறக்குமா?

பதில்: பெரும்பாலும் பார்க்க நன்றாகவே பிறக்கும். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் முதல் ஈத்து நன்றாக வந்துவிட்டால் "ஒன்றும் ஆகவில்லையே" என்று அடுத்ததையும் விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாக இருந்தாலும் பல நோய்களில் மற்றது சமாளித்துவிடும், பூனைக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பூனைகளின் தாய்க்கு அப்படி மறைந்த பழுது ஒன்று இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது இந்த இரண்டு பேருக்குமே வந்திருக்க 4-ல் 1 வாய்ப்பு, இருவரிடமிருந்தும் அதே பழுதை ஒரு குட்டி வாங்க இன்னொரு 4-ல் 1. ஆக 16-ல் 1. சம்பந்தமில்லாத கடுவனாக இருந்து, அதன் இனத்தில் 100-க்கு ஒன்றுதான் அந்தப் பழுதைச் சுமக்கிறது என்றால் இதே கணக்கு 800-ல் 1 ஆகிவிடும். இது ஒரே ஒரு பழுதுக்கான கணக்கு. எந்தப் பூனையிடமும் ஒன்றுக்கு மேல் ஒளிந்திருக்கும். தாய்-மகன், தகப்பன்-மகள் சேர்ந்தாலும் ஆபத்து இதே அளவுதான்.

பிறவி ஊனம் என்றால் அண்ணப் பிளவு (மேல்வாய் பிளந்திருப்பது), இதயத்தில் ஓட்டை, விதை கீழே இறங்காமல் வயிற்றிலேயே தங்குவது. ஆனால் இவற்றைவிட அதிகம் நடப்பது சத்தமில்லாத விஷயங்கள்: ஈத்தில் எண்ணிக்கை குறையும், பிறந்த குட்டி பால் குடிக்காமல் சோர்ந்து சில நாளில் போய்விடும், பிழைத்தது அடிக்கடி நோயில் விழும். நோய் எதிர்ப்புக்கான மரபணுக்களில் எவ்வளவு வகை இருக்கிறதோ அவ்வளவு நல்லது, நெருங்கிய உறவில் அந்த வகைதான் முதலில் அடிபடுகிறது.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் இந்தப் பெட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவே இன்னும் முழுசாக வளராத குட்டி. தொடக்கத்திலேயே தெரிந்தால் கருத்தடையோடு சேர்த்துக் கருவை எடுத்துவிட முடியும், அது நீங்களும் மருத்துவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஈன விடுகிறீர்கள் என்றால் (சினைக்காலம் சுமார் 9 வாரம்) பிறந்த குட்டிகளின் வாயைத் திறந்து அண்ணத்தைப் பாருங்கள், தினமும் எடை போடுங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும், ஏறாவிட்டால் காத்திருக்காதீர்கள். கடுவனுக்கு உடனே கருத்தடை செய்யுங்கள், அதற்கு அப்புறமும் சில வாரம் பிரித்தே வையுங்கள், ஏனென்றால் அறுவை முடிந்த உடனே அது மலடாகிவிடாது. பால் கொடுக்கும் பூனை திரும்பச் சினையாகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: அண்ணன் தங்கை என்று பூனைகளுக்குத் தெரியாதா?

பதில்: தெரிந்தாலும் கவலைப்படாது. பருவம் வந்துவிட்டால் சேர்ந்துவிடும், 4 மாதத்திலேயே பருவத்துக்கு வரும் பெட்டைகள் உண்டு.

கேள்வி: பாரசீகப் பூனைக்குட்டி வாங்கப் போனேன். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து வந்த குட்டி, "சுத்தமான பரம்பரை" என்று பெருமையாகச் சொன்னார் விற்பவர். இது நல்லதா கெட்டதா?

பதில்: முகமும் ரோமமும் ஒரே அச்சில் வரும், அதற்குத்தான் அப்படிச் செய்கிறார்கள். அச்சோடு நோயும் வரும். பாரசீகப் பூனைகளில் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி வைக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. மரபணுச் சோதனை வருவதற்கு முன்னால் பல நாடுகளில் பார்த்தபோது மூன்றில் ஒன்றுக்கு மேல் அது இருந்தது. நியாயமாகச் சொன்னால், இந்த நோய்க்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், உறவுக்குள் சேர வேண்டியதில்லை. ஆனால் அழகான ஒரே கடுவனை ஊருக்கெல்லாம் இணைசேர்த்தால் அதன் பழுதும் ஊரெல்லாம் பரவும், பிறகு எந்தப் பக்கம் போனாலும் சொந்தமாகவே இருக்கும். அறிகுறி பெரும்பாலும் நடுவயதில்தான் வருவதால் குட்டியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. இதற்குக் காரணமான மரபணுப் பிழையை 2004-ல் கண்டுபிடித்துவிட்டார்கள், கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தேய்த்தெடுத்தே சோதிக்கலாம். தாய், தகப்பன் இரண்டின் முடிவையும் கேளுங்கள். காட்ட மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: ஒருமுறை இப்படிக் கெட்ட வம்சம் திரும்பத் தேறுமா?

பதில்: தேறும், புது ரத்தம் வந்தால். பூனைக் குடும்பத்திலேயே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பியூமா என்ற பெரிய காட்டுப் பூனைகள் சுமார் 20, 30 என்று குறைந்து தங்களுக்குள்ளேயே இணைந்ததில் வால் நுனி மடங்கியது, பல கடுவன்களுக்கு விதை இறங்கவில்லை, சிலவற்றுக்கு இதயத்தில் ஓட்டை. 1995-ல் டெக்சஸிலிருந்து 8 பெட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுக்குப் பிறந்த குட்டிகளிடம் இந்தக் கோளாறுகள் வெகுவாகக் குறைந்தன, எண்ணிக்கையும் நூறைத் தாண்டியது.