ஸ்லோவாக்கியக் கிராமியக் குழுக்களில் மாறியது பக்கவாத்தியம்

கேள்வி: வானொலி, தொலைக்காட்சி, பாப் இசை எல்லாம் ஸ்லோவாக்கியாவின் நாட்டுப்புற இசைக் குழுக்களை எப்படி மாற்றின?

பழைய பாட்டுகள் அழிந்துவிட்டன என்று பலரும் சொல்வார்கள். ஜிலினாவில் வேலை பார்த்த காலத்தில் நான் கேட்டவரையில், மெட்டுகள் பிழைத்துக்கொண்டன. அடி வாங்கியது பக்கவாத்தியம்தான்.

‘பிரிமாஷ்’ எனப்படும் முதல் வயலின்காரர் மெட்டை வாசிப்பார். ‘கொன்ட்ரா’ என்னும் துணை வயலின், வியோலாக்களும் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாஸும் அதைத் தாங்கும். ‘துவாய்’ என்றொரு வில்லடி உண்டு: ஒரே இழுப்பில் இரண்டு தட்டு, இரண்டாவதில் அழுத்தம். இந்த அழுத்தம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ஆடுபவரின் கால் அதைப் பிடித்துக்கொண்டுதான் நகரும்.

டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட் போன்ற மேற்கத்திய ஜோடி நடனங்கள் வந்தபோது கல்யாணக் குழுக்கள் அவற்றையும் வாசிக்கவேண்டியிருந்தது. அக்கார்டியன், சாக்ஸபோன், டிரம் சேர்ந்தன. கொன்ட்ரா வாசிப்பவர்களின் வேலையை ஒரு அக்கார்டியனே பார்த்துவிடும். கல்யாண வீட்டாருக்கும் செலவு குறைவு. வில்லின் நுணுக்கம் முதலில் போனது இங்கேதான்.

1948இல் லூச்னித்சா, 1949இல் ஸ்லுக் ஆகிய பெரிய கலைக்குழுக்கள் தோன்றின. பிராட்டிஸ்லாவா வானொலிக்கும் நாட்டுப்புற வாத்திய இசைக்குழு ஒன்று அமைந்தது. மெருகேற்றிய, எழுதி வாசிக்கும் இசை அது. அவர்களின் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் நாடெங்கும் ஒரே ஒலி கேட்கத் தொடங்கியதும் கிராமத்துக் குழுக்கள் அதையே முன்மாதிரியாகக் கொண்டன. தந்திகளைக் கோல்களால் தட்டி வாசிக்கும் சிம்பல், அது வழக்கத்தில் இல்லாத ஊர்களிலும் கட்டாயமானதுபோல் ஆயிற்று.

கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த 1989க்குப் பிறகு கீபோர்டு பரவியது. கொல்லாரோவ்ட்சி போன்ற குழுக்கள் கிராமிய மெட்டுகளைப் பாப் தாளத்தில் பாடி அரங்கங்களை நிரப்புகின்றன. பிரெஷோவ் நகரத்து ஹர்ட்ஸா ராக் இசையோடு கலக்கிறது. இந்தக் கலப்பில் எனக்கு வருத்தம் இல்லை, ஹர்ட்ஸாவை விரும்பியே கேட்கிறேன். வருத்தம் கல்யாணங்களைப் பற்றியது. பல இடங்களில் இரவு முழுவதும் டிஜே. மணப்பெண்ணின் மாலையைக் கழற்றித் தலையில் துணி கட்டும் சடங்குக்கு மட்டும் வயலின்காரர்களை அழைக்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆட்டக்காரரும் குழுவும் ஒருவரையொருவர் எப்படிப் பழகிக்கொள்வார்கள்?

இன்னொரு பக்கம், பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்டு வட்டார வில்லடியை மீட்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். 2017இல் அரசுத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘செம் ஸ்பியெவா’ போட்டி அத்தகைய குழுக்களை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. மேடையில் சில நிமிடங்களே கிடைத்தாலும் அது பெரிய உதவி என்றே நினைக்கிறேன்.

கேட்டுப் பார்க்க விரும்பினால் தெர்ஹோவாவிலிருந்து தொடங்குங்கள். ஜிலினாவுக்குக் கிழக்கே உள்ள இந்த மலைக் கிராமத்தின் இசை 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மூன்று முதல் ஐந்து பேர், இரண்டே தந்தி உள்ள சிறிய பாஸ். முதல் முறை மெட்டை விட்டுவிட்டு, கொன்ட்ராவை மட்டும் கவனியுங்கள்.